திருவள்ளூர் வந்தால் படுத்துவிடும்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் திருவள்ளூர் மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் வெற்றிலை பாக்கும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய வெள்ளைத் தாளும். ராகு காலம் பிறப்பதற்குள் கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதியை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போகவேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

நான் உள்ளே கடைசி வரியை அடித்து முடித்துவிட்டு பிரிண்ட் கொடுத்தேன்.

பிரிண்டர் ஒருமுறை முனகியது. அவ்வளவுதான். திரையில் அம்புக்குறி அசையவில்லை. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. இந்த புரோகிராம் சட்டவிரோதமான செயலைச் செய்துவிட்டது, இத்துடன் மூடப்படும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. 'இல்லீகல்' என்ற சொல்லை அதுவரை நான் செய்தித்தாளில் சாராய வழக்குகளில் மட்டும்தான் பார்த்திருந்தேன். நான் ஏதோ தப்பு செய்து பிடிபட்டுவிட்ட மாதிரி கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மாமன் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டிக் கதவைத் திறந்தார். "இன்னாமா ஆச்சு?"

"நின்னுடுச்சு சார்."

கல்யாணக் காரியமாக வந்தவரிடம் சொல்கிற வார்த்தையா அது? அவர் முகம் அப்படியே இறுகியது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி அவரைக் காபி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது தனியாக வந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நீ வந்ததிலேர்ந்துதான்மா இது இப்பிடிப் படுத்துக்குது. கைராசின்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

ஏ.சி. அறை

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்த அச்சகம். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, ஆறு மாத கம்ப்யூட்டர் படிப்பும் படித்து, முசரவாக்கத்திலிருந்து பஸ் ஏறி நான் போய்ச் சேர்ந்த முதல் வேலை. எங்கள் வீட்டில் அதுவரை எல்லாரும் வெயிலில் வேலை செய்தவர்கள். நான் ஏ.சி. அறையில் உட்காருகிறேன் என்று அப்பா சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏ.சி. எனக்கில்லை, கம்ப்யூட்டருக்கு. தூசு படக்கூடாது என்று கண்ணாடியால் மூன்று பக்கமும் அடைத்து ஓர் அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கதவைத் திறந்தால் உடனே மூடவேண்டும். மையும் மண்ணெண்ணெயும் கையில் இருப்பதால் மெஷின்காரர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது.

வெளியே இரண்டு ஆஃப்செட் மெஷின்கள் ஓடும். அவர்கள் பேசுவது தெரியும், கேட்காது. வாய் அசையும், தோளில் தட்டிக்கொள்வார்கள், சிரிப்பார்கள். நான் என்ன ஜோக்காக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு 'நிகழும் மங்களகரமான' என்று அடிப்பேன்.

ஒரு நாளில் பத்துக் கல்யாணம் அடிப்பேன். எவ்வளவோ பேருக்குச் சொந்தக்காரர்களைச் சேர்த்து வைத்தேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து தனியாகச் சாப்பிட்டேன்.

சேர்ந்த புதிதில் பைண்டிங் பெண்கள் இரண்டு பேர் பேச வந்தார்கள். எந்த ஊர் என்றார்கள். முசரவாக்கம் என்றேன். "முசரவாக்கத்துல எந்தப் பக்கம்?" என்றாள் ஒருத்தி.

இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்து ஆட்கள் தூக்கத்தில் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். தெருவைக் கேட்கவில்லை அவள். "சர்ச் பக்கம்," என்றேன். "ஓ," என்றாள். சண்டையில்லை, முகச் சுளிப்பும் இல்லை. மறுநாளிலிருந்து அவர்கள் பைண்டிங் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நான் கண்ணாடிக்குள் சாப்பிட்டேன்.

அதனால்தான் கைராசி என்ற சொல் என்னை அப்படித் தைத்தது. ரேம் கெட்டுவிட்டது என்றால் மாற்றலாம். கை கெட்டது என்றால் என்ன செய்வது?

பாதி, பாதியில் பாதி

முன்பே ஒரு முறை கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் சென்னையிலிருந்து வந்துவிட்டுப் போயிருந்தார். ரேமை மாற்றினார். எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினார். பழைய ஃபிளாப்பிகளிலிருந்து எழுத்துருக்களைப் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அதே பெட்டி.

இப்போது இளையவர்களுக்கு இது விளங்காது. அன்று தமிழ் என்பது கம்ப்யூட்டரில் தானாக இருக்காது. ஒவ்வொரு எழுத்துருவையும் யாரோ வரைந்து, யாரோ ஃபிளாப்பியில் கொண்டுவந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி ஏற்றிக்கொள்வோம். எங்களிடம் நூற்றுக்கும் மேல் இருந்தன. எது யார் கொடுத்தது, எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: எது கெட்டது என்று தெரியாவிட்டால் பாதியை எடுத்துவிட்டுப் பார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எழுத்துருக்களில் பாதியை எடுத்து வேறொரு ஃபோல்டரில் போட்டேன். திருவள்ளூர் பத்திரிகையை பிரிண்ட் கொடுத்தேன். படுத்துவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்து, எழுப்பி, மிச்சத்தில் பாதியை எடுத்தேன்.

ஒவ்வொரு முறை அது எழுந்து வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். எனக்கு டீ வாங்கித் தர யாரும் இல்லாததால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆவதற்குள் ஒரே ஓர் எழுத்துரு மிஞ்சியது.

அது அச்சகத்தின் பெயரையே கொண்ட எழுத்துரு. எங்கள் பத்திரிகைகளின் முகமே அதுதான். தடித்த தலைப்பெழுத்து, ஆனால் முரடாக இருக்காது. 'ழ'வின் வால் கொஞ்சம் தாராளமாக இறங்கித் திரும்பும். பட்டுக்கடைக்காரர்கள் அதைக் காட்டி "இந்த எழுத்துல போடுங்க" என்பார்கள். வேறு எந்த அச்சகத்திலும் அது கிடையாது.

ஆனால் ஒரு குழப்பம். அதே எழுத்துருவில் அதே வாரம் நாலைந்து பத்திரிகைகள் நன்றாகவே அச்சாகியிருந்தன. படுத்துக்கொண்டவற்றை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்று இந்தத் திருவள்ளூர் மாப்பிள்ளை. இன்னொன்று பெங்களூரில் வரவேற்பு. முதல் முறை படுத்ததும் ஒரு திருவள்ளூர்ப் பெண் வீடுதான்.

ஒரு புதிய பக்கம் திறந்து, ஒரே ஓர் எழுத்தை மட்டும் பெரிதாக அடித்தேன். ளூ.

பெட்டி வந்து நின்றது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அறைக்கு வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

எழுத்துகளைத் திருத்துகிற ஒரு புரோகிராமும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதில் திறந்து பார்த்தேன். மற்ற எழுத்தெல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ளூ இருக்கவேண்டிய கட்டத்தில் மட்டும் கோடுகள் கண்டபடி ஓடிப் பின்னிக் கிடந்தன. மெஷின்மேன் தணிகாசலம் அண்ணன் வெளியே நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அவர் தறிக்காரர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்துக்காரர். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "இன்னாமா இது, தறியில பாவு நூலு சிக்கிக்கின மாதிரி இருக்குது?" என்றார்.

ஃபிளாப்பியில் அந்த ஓர் இடம் பழுதாகியிருக்கிறது. அண்ணனைக் கேட்டேன்: நான் சேர்வதற்குச் சில நாள் முன்பு புது ஹார்ட் டிஸ்க் போட்டு, அந்த ஃபிளாப்பியிலிருந்துதான் எழுத்துருவை ஏற்றியிருக்கிறார்கள். நான் வந்ததும் அது படுக்க ஆரம்பித்ததும் ஒன்றாக நடந்திருக்கிறது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கைராசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ஓர் எழுத்தை மட்டும் வேற எழுத்துருலேர்ந்து எடுத்து ஒட்டிடு. யார் பார்க்கப் போறான்?"

"வரைஞ்சவங்களைக் கேட்டா நல்ல காப்பி இருக்குமே சார்."

பேனாவை மேஜைமேல் வைத்தார். "அந்த அம்மா பேரை இங்க எடுக்காதே."

எனக்குப் பேரே தெரியாது. எடுப்பது எப்படி?

பெருமாள் கோயில் பக்கம்

பெயரைத் தணிகாசலம் அண்ணன்தான் சொன்னார். சாயங்காலம் நான் செருப்பு மாட்டும்போது, கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "வைதேகி. சின்ன காஞ்சிபுரம், பெருமாள் கோயில் பக்கம். உனக்கு முன்னால அந்த சீட்டுல குந்தியிருந்த பொண்ணு. நான் சொன்னேன்னு சொல்லாத."

ஒட்டுப்போட்ட பத்திரிகை மறுநாள் நல்ல நேரம் பார்த்து மாமனுக்குப் போய்விட்டது. அவர் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு போனார். என் வேலைக்கும் ஆபத்தில்லை. நான் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை.

ஆனாலும் போனேன். அந்த நாற்காலியில் என்னைப்போல உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் யோசித்தும் கிடைக்கவில்லை.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் சன்னமாக ஒற்றை ஸ்ரீசூர்ணக் கோடு. கையில் அரிசி களைந்த ஈரம். உள்ளேயிருந்து அவள் அம்மா யாரென்று கேட்டார்கள்.

அச்சகத்தின் பெயரைச் சொன்னதும், "அவர் அனுப்பிச்சாரா?" என்றாள்.

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன்."

"எந்த ஊர்?"

"முசரவாக்கம்."

அடுத்த கேள்விக்காக நின்றேன். அது வரவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்லயே நின்னா எப்படி? உள்ள வா," என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். ளூ என்றதும், "எப்படிச் சிதைஞ்சிருக்கு? வால் மட்டுமா, உடம்புமா?" என்றாள், ஏதோ அடிபட்ட பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல.

பிறகு அவளாகவே சொன்னாள். அந்த எழுத்துருவை அவள் ஒரு வருஷம் வரைந்திருக்கிறாள், வேலை நேரம் போக. பெருமாள் கோயில் சுவரில் இருக்கிற பழைய எழுத்தைப் பார்த்து 'ழ'வின் வாலை இறக்கியிருக்கிறாள். சென்னையில் அச்சகக்காரர்கள் கூடிய ஒரு விழாவுக்கு முதலாளி அவளையும் அழைத்துப் போனார். மேடையில் அவரைக் கூப்பிட்டு, இவ்வளவு அழகான எழுத்தை யார் செய்தது என்று கேட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "நம்ம சொந்தத் தயாரிப்பு," என்றார். கை தட்டினார்கள். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நானும் சேர்ந்து கை தட்டினேன்," என்றாள். "எல்லாரும் தட்டறச்சே சும்மா இருக்க முடியலை. அதுதான் எனக்குத் தாங்கலை. மறுநாள் போகலை."

"ஒரு நல்ல காப்பி இருந்தா..."

"எங்கிட்ட இல்லை. எல்லாம் அங்கேயே விட்டுட்டு வந்தேன். வேணும்னா அவர் வரட்டும். வந்து என் பேரைச் சொல்லி, சரி பண்ணிக் குடுன்னு கேக்கட்டும்."

அவர் வரமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. எழுந்தேன். போகும்போது, எதற்கென்று தெரியாமல், பையிலிருந்த திருவள்ளூர் பத்திரிகையை அவளிடம் கொடுத்தேன்.

அவள் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தலைப்பில், பெரிய எழுத்தில், திருவள்ளூர். நான் ஒட்டிய 'ளூ' அதில் ஒல்லியாக, கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மாமன் கண்ணில் படாதது. முதலாளி கண்ணிலும் படாதது.

"ஐயோ," என்றாள். ஒரே ஒரு தடவைதான்.

ஒரு மத்தியானம்

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, வேலை மும்முரமாக இருந்த நேரம், வெளியே இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. திரும்பினேன். வைதேகி வாசலில் நின்றிருந்தாள், கையில் ஒரு துணிப்பையோடு.

முதலாளி அவளைப் பார்த்தார். எழுந்தார். மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு, "பேப்பர் கடை வரைக்கும் போயிட்டு வரேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போனார். தடுக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை.

அவள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். இன்னொரு நாற்காலி அந்த அறையில் எப்போதும் இருந்ததில்லை. தணிகாசலம் அண்ணன் ஒரு ஸ்டூலைத் துடைத்துக் கதவருகே வைத்துவிட்டுப் போனார்.

பின்னிக் கிடந்த கோடுகளை அவள் ஒரே அடியில் அழித்தாள். 'ளு'வை எடுத்து வைத்துக்கொண்டு வாலை நீட்டினாள். ஒரு புள்ளியை நகர்த்துவாள், தள்ளி நின்று பார்ப்பாள், மறுபடி நகர்த்துவாள். "சுழி ரொம்ப உள்ள போனா மூச்சு முட்டும். பார், இப்போ மூச்சு விடறது," என்பாள். எனக்கு முதலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு தெரிய ஆரம்பித்தது.

மதியம் ஆயிற்று. அவள் பையிலிருந்து தயிர்சாதம் எடுத்தாள். நான் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. பசியில்லை என்றேன். அன்றைக்குப் பார்த்து அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

"என்ன கொண்டுவந்திருக்கே?"

நான் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டாள்.

"நீ பாட்டுக்குச் சாப்பிடு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன்," என்றாள். அந்த அறையில் ஜன்னலே கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். ஏ.சி. அறை முழுக்கக் கருவாடு மணத்தது. பைண்டிங் பெண்கள் வெளியிலிருந்து பார்த்தார்கள். எங்கள் வாய் அசைவதும் சிரிப்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். என்ன பேசினோம் என்று கேட்டிருக்காது.

சாப்பிட்டுக் கைகழுவி வந்து, திருவள்ளூர் என்று அடித்துப் பார்த்தோம். பிரிண்டர் முனகியது. தாள் வந்தது. முழுப் பெயரும் ஒரே கையால் எழுதியதுபோல இருந்தது. பெங்களூர் அடித்தோம். வந்தது. கொள்ளு என்று அடித்து, கொள்ளூ என்று அடித்து, அர்த்தமில்லாமல் ஒரு பக்கம் முழுக்க அடித்தோம். எல்லாம் வந்தது.

சேமித்து வைப்பதற்கு முன்னால் அவள் நிறுத்தினாள். எழுத்துருவின் பெயர் இருக்கும் கட்டத்தைத் திறந்தாள். அதில் அச்சகத்தின் பெயர் இருந்தது.

"இதை மாத்தினா பழைய ஃபைல் எல்லாம் திறக்கறச்சே இந்த எழுத்துரு இல்லைன்னு கேக்கும். ஒவ்வொண்ணுலயும் நீ புதுப் பேரைத் தேர்ந்தெடுக்கணும். உனக்குத்தான் வேலை ஜாஸ்தி. அவர் கத்தினாலும் உன்னைத்தான் கத்துவார்." என் முகத்தைப் பார்த்தாள். "நீ வேண்டாம்னா விட்டுடறேன்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அப்பா சர்ச்சில் சொல்லிக்கொண்டிருக்கிற வேலை. ஆனால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டிய அந்தக் கைகள் என் கீபோர்டின் மேல் இருந்தன.

"மாத்துங்க அக்கா," என்றேன்.

ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்துதான். அடித்தாள். பழையதை நானே நீக்கினேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு, மெஷின்களுக்கு நடுவே நடந்து போனாள். முதலாளி திரும்பி வருவதற்கு அவள் காத்திருக்கவில்லை.

மறுநாள்

முதலாளி மறுநாள் மதியம்தான் கவனித்தார். எழுத்துருப் பட்டியலில் விரலை வைத்துத் தேடிக்கொண்டே வந்தார். "நம்ம எழுத்து எங்க காணோம்?"

"அது கெட்டுப்போன ஃபைல் சார். எடுத்துட்டேன். சரி பண்ணது இதுதான்," என்று காட்டினேன்.

படித்தார். காது மடல் சிவந்தது. "பேரைப் பழையபடி மாத்து."

"மாத்தத் தெரியாது சார்," என்றேன். உண்மையில் எனக்குத் தெரியும். அவள் செய்ததைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் நான். "மறுபடி கை வெச்சா திருவள்ளூர் திரும்பவும் படுத்துக்கும்னு பயமா இருக்குது."

வெளியே ஒரு பட்டுக்கடைக்காரர் காத்திருந்தார். முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் அவர் அந்த எழுத்துருவைச் சுற்றி வளைத்தே சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தத் தடி எழுத்து", "நம்ம பழைய எழுத்து", "அதான், அதுல போடு". எனக்குப் புரிந்தாலும் புரியாததுபோல எழுந்து போய், எது சார், எது சார் என்று கேட்டேன். கல்யாண மாசம் வந்தது. ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பேச நேரமில்லை. ஒரு நாள், மாதிரிப் பத்திரிகையை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு முன்னால், அவர் என் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து அச்சகம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"எஸ்தரு, இவருக்கு வைதேகில போடு!"

தணிகாசலம் அண்ணன் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். நான் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் வந்து எழுத்தெல்லாம் கலங்கியது.

அந்த மாசம் முழுக்க அதைக் கேட்டேன். வைதேகில போடு. வைதேகி பெருசா வை. பட்டுக்கடைக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். எங்களுக்கு வைதேகி எழுத்துதான் வேணும் என்று வாசலிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள்.

சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும்போல இருந்தது. வீட்டில் சொன்னேன். ஓர் எழுத்துக்குப் பேர் வைத்ததற்கா இவ்வளவு சந்தோஷம் என்று அப்பா கேட்டார். பைண்டிங் மேஜைக்குப் போய்ச் சொல்ல முடியாது. முகூர்த்த மாசம் முடிந்து கூட்டம் குறைந்த ஒரு சாயங்காலம், சின்ன காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

வீடு பூட்டியிருந்தது. வாசலில் கோலம் இல்லை. பக்கத்து வீட்டு மாமி வெளியே வந்தார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், நாக்பூரில் இருக்கிற அவர்களுடைய பெரிய பையன் வந்து அம்மாவையும் வைதேகியையும் அங்கேயே அழைத்துப் போய்விட்டானாம். விலாசம் மாமியிடம் இல்லை. எப்போதாவது போன் வரும் என்றார்கள்.

"நீ யாரு? ஏதாவது சொல்லணுமா?"

நான் யாரென்று சொல்ல ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒரு மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டவள் என்று சொன்னால் மாமிக்கு என்ன புரியும்?

"அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு சொல்லுங்க."

"யாரு கூப்பிடறா?"

"எல்லாரும்," என்றேன்.